வாண்டர்பில்ட்டில் கல்வியியல் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் தங்கை, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். 1873-இல் தொடங்கிய தனியார் ஆய்வுப் பல்கலைக்கழகம் அது. ஆசிரியர் பயிற்சிக்குப் பேர்போன பீபாடி கல்லூரி 1979-இல் அதனுடன் இணைந்தது.

அவளுக்கு வாசிப்புக் கற்பித்தலில்தான் ஆர்வம். ம, ர, ம் என்று விரல் வைத்து எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டு, ‘மரம்’ என்று சேர்க்கத் தெரியாமல் விழிக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை விட்டுவிட அவளுக்கு மனசே வராது.

அப்பா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். கட்டணம் எங்களுக்கு எட்டாது. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகைக்கு இங்கிருந்து நேர்காணலுக்குப் போனவர்கள் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், அவளுடைய விண்ணப்பக் கட்டுரையைப் படித்துத் தயங்காமல் குறை சொல்லவும் ஒருவர் வேண்டும்.