ஸ்டெல்த் விமானத்துக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்திய விமானப்படை புதுப்பிக்கப்படுவது பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கான சிறு நூல் ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். 1963இல் வந்த மிக்-21 போர் விமானம் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது, அதற்கு முதல் நாள்தான் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதற்கு முன்னால் பிரான்சிலிருந்து 36 ரஃபேல் வந்த கதை, இவையெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. கடைசி அத்தியாயம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. ஆம்கா என்ற ஐந்தாம் தலைமுறை விமானத் திட்டம். பக்கத்துக்கு நாலு 'ஸ்டெல்த்', அதாவது ரேடாரில் எளிதில் சிக்காத தன்மை. அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடலாமா என்றால் பதிப்பாசிரியர் ஒப்பவில்லை.

கையில் இருப்பவை: மாய விமானம், உருமறை விமானம், ஒளி விமானம், புலப்படா விமானம். எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஆசிரியை எழுதியது:

மாய விமானம் வேண்டவே வேண்டாம். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனபோது எல்லாச் செய்தியிலும் 'மாயமான விமானம்' என்றுதான் போட்டார்கள். தமிழ் வாசகருக்கு மாயம் என்றால் தொலைந்து போனது. விமானப்படை பற்றிய நூலிலேயே அந்தச் சொல் வருவது நன்றாக இருக்காது.

உருமறை என்பதை வகுப்பில் ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அப்படீன்னா பச்சைப் பெயிண்ட் அடிச்சாப் போதுமா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, உருமறைப்பு என்பது இலை தழை சுற்றிக்கொள்வதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல்.

ஒளி விமானமா? தேஜஸ் என்றாலே ஒளி. அது போதாதென்று அதன் திட்டப் பெயரில் இருந்த 'லைட்' என்பதை யாரோ வெளிச்சம் என்று எண்ணி 'ஒளிப் போர் விமானம்' என்று எழுதியதை நானே படித்திருக்கிறேன் (இலகுரகப் போர் விமானம் என்று இருக்க வேண்டும்). இப்போது மறைவதற்கும் ஒளி என்றால் மூன்று ஒளி சேர்ந்து முழு இருட்டு.

பொறியாளர் எழுதியது:

புலப்படா என்பதும் தவறு, சொல்கிறேன். ஸ்டெல்த் விமானம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ரேடாருக்கும் தெரியும், ஆனால் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் 'தோற்றப் பரப்பை' (சரியான சொல் இல்லாமல் இப்படிச் சொல்கிறேன், அதற்குத் தனி விவாத இழை தொடங்கிவிடாதீர்கள்) 16 மடங்கு குறைத்தால் ரேடார் அதைக் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகும். 10,000 மடங்கு குறைத்தால்தான் பத்தில் ஒன்றாகும். நான்காம் மூலக் கணக்கு. இதற்காகத்தான் விளிம்புகளை ஒரே கோணத்தில் சாய்ப்பது, ஏவுகணைகளை இறக்கைக்கு அடியில் தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைப்பது, எஞ்சினின் முகம் வெளியே தெரியாதபடி காற்று போகும் வழியைப் பாம்பு மாதிரி வளைப்பது, அலையை உறிஞ்சும் பூச்சு என்று இத்தனை பாடு. ஆம்காவிலும் இதைத்தான் செய்யப் போகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 1999 மார்ச்சில் செர்பியாவில் எஃப்-117 என்ற அமெரிக்க ஸ்டெல்த் விமானம் ஒன்றைப் பழைய சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. 'புலப்படா' விமானம் எப்படிப் புலப்பட்டது என்று மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஆகவே 'குறை' என்பது சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும். குறைபுலன் விமானம்.

ஆசிரியை எழுதியது:

குறைபுலன் விமானம் என்றால் விமானிக்குக் கண் தெரியாது என்று படிப்பார்கள்.

புலவர் ஐயா எழுதியது:

அன்பர்களே, வேலியில் ஓணானைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், வீட்டுக்குள் யானை நிற்கிறது. தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சிக்கு இலக்கணம் சொல்லும்போது "வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்" என்கிறது. வேந்தன் ஏவிய வீரர் பகைவர் நிலத்துக்குள் அவர் அறியாமல் புகுந்து ஆநிரையைக் கொண்டுவருவது. ஆவுக்குப் பதில் ஒரு பாலத்தையோ ரேடார் நிலையத்தையோ வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் தலைமுறைப் போர்முறை முழுவதும் அந்த ஒரு நூற்பாவில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லும் திருடுதல் என்ற வேரிலிருந்து வந்ததே. எனவே களவு வானூர்தி.

விமானம் என்பதையும் கைவிடுங்கள். அது வடசொல், மேலும் நமக்கு விமானம் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கருவறைக்கு மேலே இருப்பது. புறநானூற்றில் "வலவன் ஏவா வான ஊர்தி" என்று 27ஆம் பாட்டில் இருக்க நமக்கு என்ன குறை?

பொறியாளர் எழுதியது:

ஐயா, வலவன் ஏவாதது என்றால் ஓட்டுநர் இல்லாதது. அது டிரோன். அந்தச் சொல்லை அந்த இழைக்குப் பத்திரமாக எடுத்து வைப்போம்.

களவு என்று போட்டால் ஒன்று திருட்டு விமானம் என்பார்கள், இல்லையென்றால் குறிஞ்சித் திணையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஐந்தாம் தலைமுறைக் களவு, அதன்பின் கற்பு.

தம்பி ஒருவர் எழுதியது:

இவ்வளவு நாள் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு யோசனை. வெட்சிக்கு அடுத்தது கரந்தை. கரத்தல் என்றால் மறைத்தல், ஒளித்தல். கரவு விமானம் என்றால் என்ன? கரவில் 'கண்ணுக்கே தெரியாது' என்ற பொருள் இல்லை. தன்னைக் காட்டிக்கொள்ளாமல் வைத்துக்கொள்கிறது என்பதுதான் பொருள். பொறியாளர் அண்ணன் சொல்வதும் அதுதானே?

புலவர் ஐயா எழுதியது:

தம்பி, நன்று. ஆனால் கரந்தை ஒரு பூ, அதைக் கரத்தலோடு முடிச்சுப் போடாதே. அது நிரை மீட்பு, ஒளிவு மறைவு இல்லாத போர். மற்றபடி கரவு அருமையான சொல். "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்று வள்ளுவர் சொன்னதால், பறப்பனவற்றுள் கரவாதது காக்கை, கரப்பது ஆம்கா என்று கொள்ளலாம். கரப்பான் பூச்சியின் பெயரும் இந்த வேரிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. வெளிச்சம் பட்டால் ஓடி ஒளிவது அது. இன்னும் பின்னால் போனால் இரா, இருள், கரி, கார் எல்லாம்...

பொறியாளர் எழுதியது:

கரப்பான் விமானம். நாட்டின் பெருமை.

(சிரித்துவிட்டு மறுபடி யோசித்துப் பார்த்தேன். கரவு எனக்குச் சம்மதம்தான். 'குறை' உள்ளே இல்லை என்ற வருத்தம் மட்டும் உண்டு.)

யாழ்ப்பாணத்து உறுப்பினர் எழுதியது:

நான் இந்த விவாதங்களில் அதிகம் எழுதுவதில்லை. ஒன்று மட்டும். எங்கட ஊரில் எந்தக் குழுவும் கூடிக் கலைச்சொல் ஆக்கவில்லை. இலங்கை விமானப்படை இஸ்ரேலிடம் வாங்கிய கிபிர் போர் விமானம் 90களின் நடுவில் வந்தது. "கிபிர் வருகுது" என்றால் மூன்று வயதுப் பிள்ளையும் பதுங்குகுழிக்கு ஓடும். மேலே ரீங்காரம் போட்டுக்கொண்டு சுற்றிய வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர். தூய தமிழ், ஒருவரிடமும் கேட்காமல் வைத்தது. சத்தம் கேட்டவுடன் வாயில் வருகிற சொல்தான் நிற்கும். நீங்கள் தேடுவது சத்தத்துக்கு முன்னமே வந்துவிடுகிற விமானத்துக்கான சொல், அதற்கு மக்கள் பெயர் வைக்க நேரம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

கரவு எனக்கு விளங்குகிறது. பிள்ளைகளுக்கு விளங்குமோ தெரியாது.

ஆசிரியை எழுதியது:

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை, ஐயா. நூலில் விமானத்தின் திறன் பற்றி நாற்பது பக்கம் இருக்கும், கீழே இருப்பவர்கள் பற்றி ஒரு வரி இருக்குமா என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கத் தோன்றுகிறது. அது அவர் கையில் இல்லை என்பதும் தெரியும்.

விளங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இன்று காலை பதினோராம் வகுப்பில் கேட்டேன். கரவு என்றால் இரவு என்றார்கள் சிலர். "கறவை மாடா?" என்றாள் ஒருத்தி, றகரமும் ரகரமும் ஒன்றாகிப் போனதற்கு நாம்தான் அழ வேண்டும். பொருளைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதுவே போதும். 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லும் முதல் நாளே யாருக்கும் விளங்கியிருக்காது.

புலவர் ஐயா எழுதியது:

அப்படியானால் ஒரே சொல்லாகச் சுருக்குவோம்: கரவூர்தி.

பொறியாளர் எழுதியது:

கரவு + ஊர்தி கரவுவூர்தி ஆகாதா ஐயா? கரவு முற்றியலுகரம், குற்றியலுகரம் இல்லையே. உடம்படுமெய் வர வேண்டும்.

புலவர் ஐயா எழுதியது:

இதற்காகத்தான் பொறியியல் கல்லூரியிலும் நன்னூல் நடத்த வேண்டும் என்கிறேன். "முற்றும் அற்று ஒரோவழி." 164ஆம் நூற்பா. சில இடங்களில் முற்றியலுகரமும் மெய்யை விட்டு ஓடும். கதவு + அழகு = கதவழகு. ஆகவே கரவூர்தி. இலக்கணம் முடிந்தது.

இன்னொன்று. தேஜஸ் என்று கிரந்த எழுத்தில் எதற்கு? தேசு என்று எழுதினால் என்ன? 1961இல் பறந்த மருத் போர் விமானம், இப்போதைய அஸ்திரா ஏவுகணை, எல்லாம் வடமொழிப் பெயர்கள். நம் பக்கத்துப் பெயர் ஒன்றுகூட இல்லையா?

பொறியாளர் எழுதியது:

ஒன்று இருந்தது: காவேரி எஞ்சின். போதிய உந்துவிசை வரவில்லை என்று 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். இன்றுவரை தேஜஸ் பறப்பது அமெரிக்க எஞ்சினில். விமானம் உள்நாடு, இதயம் இறக்குமதி. 97 விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும் எஞ்சின் வரும் வேகத்தில்தான் விமானமும் வரும், 42 படையணி வேண்டிய இடத்தில் 29ஐ வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். சொல்லிலும் நமக்கு அதே நிலைமை என்று தோன்றுகிறது, சட்டகம் நம்முடையது, உந்துவது வெளியிலிருந்து.

(காவேரி தமிழ்ப் பெயரா கன்னடப் பெயரா என்று யாரும் தொடங்க வேண்டாம். அந்த ஆற்றுக்கு ஏற்கெனவே ஒரு நடுவர் மன்றம் ஆகிவிட்டது.)

தேஜஸைத் தொடாதீர்கள். 2003இல் வாஜ்பாய் வைத்த பெயர், இடுபெயர். உங்கள் பெயரை நான் மாற்றி எழுதினால் சும்மா இருப்பீர்களா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வியாழன் இரவு பதினொன்றரை. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டேன். கரவு விமானம் ஐந்து பேர், ஸ்டெல்த் என்றே விடு என்பவர்கள் மூன்று பேர், கரவூர்தி இரண்டு பேர் (ஒருவர் புலவர் ஐயா), எல்லாமே நன்றாக இருக்கிறது என்று எழுதியவர் ஒருவர். குறைபுலனுக்கு அதை முன்மொழிந்தவரே வாக்களிக்கவில்லை.

நான் செய்தது: அத்தியாயத்தில் முதல் முறை வரும் இடத்தில் 'ரேடாரில் எளிதில் சிக்காத கரவு விமானம் (ஸ்டெல்த்)' என்று விளக்கிவிட்டு, அப்புறம் எல்லா இடத்திலும் வெறும் கரவு விமானம். 'எளிதில்' என்பது பொறியாளருக்காக. தேஜஸ் தேஜஸாகவே இருக்கிறது. ஆசிரியை கேட்ட அந்த ஒரு வரி மூலத்தில் இல்லை, அதனால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் என் பெயரில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பதிப்பாசிரியர் அதை விட்டுவைப்பாரா என்பது காலையில் தெரியும்.

எல்லோருக்கும் நன்றி. முன்னுரையில் உங்கள் எல்லோர் பெயரும் வரும். அடுத்த நூலில் 'ஆஃப்டர்பர்னர்' (எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டுவது) இருக்கிறது, இந்த முறை இரண்டு வாரம் முன்னாடியே வருகிறேன்.

புலவர் ஐயா எழுதியது:

கரவூர்திதான் சரி. விமானம் என்று அச்சிடுவதானால் முன்னுரையில் என் பெயர் வேண்டாம்.

ஆஃப்டர்பர்னருக்குப் பின்காய் என்று வையுங்கள். பின்னால் காய்வது.