இரவில் ஒற்றை வெள்ளை விளக்கு: நங்கூரமிட்ட படகா, ஓடும் படகா?

மூன்று வாரங்களாக இரவில் ஆற்று முகத்துவாரத்தில் படகு ஓட்டுகிறேன். படகு 5.8 மீட்டர், வெளிப்புற மோட்டார், ரேடார் கிடையாது.

படகின் இரு பக்க விளக்குகளான சிவப்பும் பச்சையும் தெரிந்தால் குழப்பமில்லை. வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் மோட்டார் படகின் சிவப்பு தெரிந்தால் நான்தான் வழிவிட வேண்டும். வலப்புறம் திரும்பி அதன் பின்னால் போகிறேன். சிக்கல் வெள்ளை விளக்கு மட்டும் தெரியும்போதுதான். அது 135 பாகைக்குள் தெரியும் பின்புற விளக்காக இருக்கலாம், அப்படியானால் முந்திச் செல்லும் நான் ஒதுங்க வேண்டும். 50 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள கலத்தின் நங்கூர விளக்காகவும் இருக்கலாம்.

இரண்டு முறை ஏமாந்துவிட்டேன். ஒருமுறை ஓடும் படகு என்று எண்ணிப் பின்தொடர்ந்தேன். மிக நெருங்கிய பிறகுதான் அது நங்கூரத்தில் நிற்பது தெரிந்தது. அன்று கை நடுங்கியது. என்னுடன் குழந்தைகளும் வருவதால் இதை அலட்சியமாக விட முடியாது.

1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளைப் படித்தேன். தொலைநோக்கியில் பார்த்தேன், ஆனால் என் படகின் வெள்ளை விளக்கே கண்ணைக் கூசச் செய்கிறது. வானொலியில் 16ஆம் அலைவரிசையில் அழைத்தும் பதிலில்லை. கைத் திசைகாட்டியால் அந்த விளக்கு தெரியும் திசைக்கோணத்தை அளந்தேன். கோணம் மாறவே இல்லை, நெருங்குகிறோம் என்பது மட்டும் புரிந்தது. படகை நிறுத்தி அளந்தால் நீரோட்டம் என்னை இழுத்துக் கணக்கைக் கெடுக்கிறது.

நீரோட்டம் உள்ள இடத்தில், போதிய தூரத்திலிருந்தே இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?