குளிர்கால மலை நடை: ரெயின் ஜாக்கெட்டுக்குள் நனைகிறேன், நின்றால் நடுக்கம். என்ன செய்யலாம்?

மெதுநடை:
எல்லோருக்கும் வணக்கம். உள்ளூர் ஹைக்கிங் கிளப் ஒன்றோடு வார இறுதிகளில் ஒருநாள் நடை போகிறேன். கோடையில் ஒரு தொல்லையும் இல்லை. குளிர்காலம் வந்ததும் தொடங்கிவிட்டது. கிளம்பும்போது வெயில், பாதி ஏற்றத்தில் தூறல், மேலே போனால் ஆளைத் தள்ளும் காற்று, இறங்கும்போது மறுபடி வெயில். இதற்குப் பயந்து காலையிலேயே ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கிறது, விரல் விறைத்து ஜிப்பைப் பிடிக்க முடிவதில்லை.

உள்ளே பருத்தி டி-ஷர்ட், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட். எப்போதும் கடைசியில் வருகிற ஆள் நான்தான், அதனால் நின்று உடை மாற்றவும் தயக்கம். ஜாக்கெட் ஒழுகுகிறதா? புதிது வாங்க வேண்டுமா?

பழைய பூட்ஸ்:
வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். ஈரம் எங்கே இருக்கிறது? தோள், தையல் ஓரம், ஜிப் ஓரம் என்றால் ஒழுகலாக இருக்கலாம். முதுகு, மார்பு, அக்குள் என்றால் பெரும்பாலும் வியர்வை. சந்தேகமிருந்தால் உலர்ந்த சட்டைமேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஷவருக்குக் கீழே ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

மெதுநடை:
நின்று பார்த்தேன். உள்ளே காய்ந்துதான் இருந்தது. ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கருத்துப்போனது. மழையே இல்லாத ஒரு நாளிலும் முதுகு நனைந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பழைய பூட்ஸ்:
அப்படியானால் ஜாக்கெட் ஒழுகவில்லை. வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோட ஒரு பூச்சு இருக்கும், அது தேய்ந்திருக்கிறது. துணி ஊறிவிட்டால் உள்ளேயிருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழி அடைபடும். துணி மென்மையாக்கி சேர்க்காமல், இவ்வகைத் துணிக்கென்று விற்கும் சோப்பில் துவையுங்கள். லேபிள் அனுமதித்தால் ட்ரையரில் குறைந்த சூட்டில் போடுங்கள், சூடு பட்டால் பூச்சு ஓரளவு உயிர்பெறும். அப்போதும் துணி ஊறினால் புதுப் பூச்சு ஸ்ப்ரே அடிக்கலாம்.

ஆனால் பெரிய காரணம் அது இல்லை. நீங்கள் கிளம்பும்போதே கதகதப்பாக இருக்கிறீர்கள். ஏற்றத்தில் உடல் அடுப்பாக எரியும், ஜாக்கெட் துணிக்குள் மழையைத் தடுத்து ஆவியை விடும் மெல்லிய சவ்வு இருக்கும், எந்தச் சவ்வும் அவ்வளவு ஆவியை வெளியே தள்ளாது. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. அப்புறம் அந்தப் பருத்தி டி-ஷர்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நின்றதும் நடுங்குவது அதனால்தான். உடலை ஒட்டி மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி), மேலே மெல்லிய ஃப்ளீஸ் (பொசுபொசுவென்ற செயற்கை இழைத் துணி), ஜாக்கெட் பையில்.

காற்றுவழி:
எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. அக்குளில் ஜிப் வைத்த ஜாக்கெட் வாங்கியபிறகு எனக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது. தூறல் விட்டுவிட்டுப் பெய்யும் நாளில் கழற்றி, போட்டு, கழற்றி, போட்டு யார் நடப்பது?

பழைய பூட்ஸ்:
அக்குள் ஜிப் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற ஜாக்கெட்டின் முன்ஜிப்பைத் திறந்து, தொப்பியைக் கழற்றினாலே நிறைய வெப்பம் போய்விடும். அதற்கு நிற்கவும் வேண்டாம்.

கடைசி ஆள்:
நான் எங்கள் கிளப் நடைகளில் பெரும்பாலும் ஸ்வீப், அதாவது யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு கடைசியில் வருகிறவன். உடையைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. முன்னே போகிறவர்கள் ஓரிடத்தில் காத்திருப்பார்கள். நீங்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "சரி, போகலாமா?" என்று கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அவர்களுக்கு, உங்களுக்கு வியர்வை மட்டும். இது தலைவர் கவனிக்க வேண்டிய விஷயம். கிளம்பும் முன் அவரிடம் போய், "ஏற்றத்தில் உங்களுக்கு அடுத்து நடக்கிறேன், ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் ஓர் உடுப்பைக் கழற்ற நிற்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல தலைவர் மறுக்க மாட்டார். உங்களைப் போலவே வாய்திறக்காமல் நனைகிறவர்கள் குழுவில் இன்னும் சிலர் இருப்பார்கள்.

அதேபோல ஜாக்கெட் போட வேண்டிய இடம் மலை முகடு அல்ல, முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று படாத இடம். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதன்மேல் காற்று வேறு. 0 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு மைனஸ் 7 மாதிரி இருக்கும். அடிவார வெயிலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

விரலுக்கு: மெல்லிய கையுறை, அதன்மேல் காற்றுப் புகாத, விரல் பிரியாத தடித்த உறை. ஜிப்பின் நுனியில் ஒரு கயிற்று வளையம் கட்டினால் உறையோடே இழுக்கலாம்.

இன்னொன்று, இதை லேசாக எடுக்க வேண்டாம். நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடுகிறது என்று அர்த்தம். பேச்சு குழறினால், கால் தடுமாறினால், குளிரிலேயே நடுக்கம் நின்றுபோனால் உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, காற்றிலிருந்து மறைத்து, உடனே மீட்பு உதவிக்கு அழைக்க வேண்டும். மது கூடவே கூடாது. தனியாக இறங்க அனுப்பக் கூடாது. போனை உள்பையில் உடலை ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

மெதுநடை:
சொன்னபடி போனேன். தலைவருக்கு அடுத்து நடந்தேன், அவர் உடை மாற்றவும் நிறுத்தினார், கூட நாலைந்து பேர் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள்! மார்பும் கையும் காய்ந்தே இருந்தன. பை உரசுகிற முதுகு மட்டும் இன்னும் நனைகிறது. அதற்கு வழி உண்டா?

பழைய பூட்ஸ்:
முழுதாகக் கிடையாது. உலர்ந்த பனியன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போங்கள். சாப்பிட நின்றதும், உடல் ஆறுவதற்குள் மாற்றுங்கள். மாற்றிய கையோடு, பஞ்சடைத்த ஜாக்கெட்டை எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். ரெயின் ஜாக்கெட்டைக் கழற்றாமல் அதன்மேலேயே போட வசதியாக, பஞ்சடைத்ததை ஓர் அளவு பெரிதாக வாங்குவது நல்லது.

மெதுநடை:
எங்கள் கிளப் உச்சியில்தான் சாப்பிடும். அந்தக் காற்றில் சட்டையைக் கழற்றுவதா?

கடைசி ஆள்:
உச்சியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், காற்று மறைந்த பக்கம் கொஞ்சம் இறங்கிச் சாப்பிடலாமா என்று கேளுங்கள். இந்த முறை கூட நாலைந்து பேர் இருக்கிறார்களே.