பதின்வயதினரின் தூக்கமும் செல்போனும்: எதை அளப்பது, எப்படி அளப்பது?

பவளமல்லி கேட்டது:

எம்.எஸ்சி. உளவியல் ஆய்வேட்டுக்காக 15 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்கள் 60 பேரை எடுத்து, இரவில் போன் பார்ப்பதற்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒன்று, ஆய்வுகளே ஒன்றோடொன்று இடிக்கின்றன. பாஸ்டனில் நடந்த ஐபேட் ஆய்வு (பி.என்.ஏ.எஸ். இதழ், 2015) மாலை மெலடோனின் (இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன்) 55 சதவீதம் அமுங்கியது என்கிறது. அடிலெய்டின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 2014-இல் பதின்வயதினர் 16 பேரை வைத்துச் செய்ததில், படுக்கும் முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற திரை பார்த்தாலும் தூக்கம் பிடிக்கும் நேரத்தில் வித்தியாசம் மூன்று நிமிடம் சொச்சம்தான். எதை நம்பிக் கருதுகோள் எழுதுவது?

இரண்டு, பிட்ஸ்பர்க் தூக்கத் தர வினாப்பட்டியலோடு (பி.எஸ்.க்யூ.ஐ.) "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்ப்பீர்கள்?" என்ற கேள்வியைச் சேர்த்தால் போதுமா?

மூன்று, ஆக்டிகிராஃப் (அசைவை வைத்துத் தூக்கத்தைக் கணிக்கும் மணிக்கட்டுக் கருவி) வாங்கப் பணம் இல்லை. அது இல்லாமல் செய்தால் ஆய்வு எடுபடுமா?

நடுநிசி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு ஆய்வும் சரி. கேட்ட கேள்விதான் வேறு.

பாஸ்டனில் கலந்துகொண்டவர்கள் 12 பேர், அத்தனை பேரும் வளர்ந்தவர்கள். மங்கலான அறையில், திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, தினமும் 4 மணி நேரம், தொடர்ந்து 5 இரவுகள் படித்தார்கள். இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும். இவ்வளவு செய்தும் அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூக்கம் பிடிக்க ஆன கூடுதல் நேரம் சுமார் 10 நிமிடம். மேற்கோள் காட்டுகிறவர்கள் 55 சதவீதத்தை எடுத்துக்கொண்டு இந்த 10 நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். மெலடோனின் குறைவதும் தூக்கம் குறைவதும் ஒரே அளவில் நடப்பதில்லை.

பகலில் வாங்கிய வெளிச்சமும் கணக்கில் சேரும். ஸ்வீடனின் உப்சாலாவில் 2016-இல் வந்த ஆய்வில் 14 இளைஞர்கள் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்துவிட்டு, இரவில் 2 மணி நேரம் டேப்லட்டில் படித்தார்கள். மெலடோனினில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 2021-இல் 18 முதல் 24 வயதுள்ள 167 பேரிடம் ஐபோனின் நைட் ஷிஃப்ட் வசதியை (திரையின் நீல ஒளியைக் குறைப்பது) சோதித்தது. திரையை மஞ்சளாக்கியவர்கள் கூடுதலாகத் தூங்கவில்லை. நீல ஒளியை ஆய்வேட்டின் நடுவில் வைக்காதீர்கள். வீட்டுச் சூழலில் அதை அளக்கவும் உங்களால் முடியாது.

இன்னொன்று, காரணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. பூப்பெய்தும் காலத்தில் உடல் கடிகாரம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது என்பதை பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்காடன் பிள்ளைகள் கைக்குச் செல்போன் வருவதற்கு முன்பே காட்டிவிட்டார். விழித்திருக்கும்போது தூக்க அழுத்தம் (தூங்க வேண்டும் என்ற உடலின் உந்துதல்) ஏறும் வேகமும் இந்த வயதில் குறைகிறது. ஆக, 11.30-க்குப் போனோடு இருக்கும் பிள்ளை, தூக்கம் வராததால் போனை எடுத்த பிள்ளையாகவும் இருக்கலாம். கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் தூக்கச் சிக்கல்தான் பின்னாளைய திரைப் பயன்பாட்டை முன்னறிவித்தது, மறுதிசை நிற்கவில்லை. தலைப்பில் "தாக்கம்" என்று போடாமல் "தொடர்பு" என்று போடுங்கள், வாய்மொழித் தேர்வில் தப்பிக்கலாம்.

மரப்பாச்சி எழுதியது:

வினாப்பட்டியல் பற்றி.

பி.எஸ்.க்யூ.ஐ. கடந்த ஒரு மாதத்தை ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கிறது. பள்ளி நாளும் விடுமுறை நாளும் அதில் கலந்துவிடும். இந்த வயதினருக்கு அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியமான செய்தியே. ஒரு மாணவர் பள்ளி நாளில் இரவு 11 முதல் காலை 5.30 வரை தூங்குகிறார். தூக்கத்தின் நடுப்புள்ளி 2.15. ஞாயிறன்று 1 மணி முதல் 9 மணி வரை, நடுப்புள்ளி 5.00. வித்தியாசம் இரண்டே முக்கால் மணி நேரம். சமூக ஜெட்லாக் என்பது இதுதான். நம் ஊரில் சனிக்கிழமையும் டியூஷன், சிறப்பு வகுப்பு என்று போகும். "வார இறுதி" என்று கேட்காமல் "அலாரமோ அம்மாவோ எழுப்பாமல் எழுந்த நாள்" என்று கேளுங்கள்.

தினமும் காலையில் நிரப்பும் தூக்க நாட்குறிப்பு மலிவானது, பி.எஸ்.க்யூ.ஐ.-யைவிட உங்களுக்குப் பொருத்தமானது. அதில் இந்த நான்கையும் தனித்தனியாக வையுங்கள்: படுக்கைக்குப் போன நேரம், போனைக் கீழே வைத்த நேரம், தூங்கலாம் என்று கண்ணை மூடிய நேரம், தூங்க எவ்வளவு நேரம் ஆனது. "எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் ஒருவர் 10.30 என்பார், இன்னொருவர் 12.15 என்பார், இருவரும் ஒரே மாதிரி இரவைக் கழித்திருப்பார்கள். படுத்ததற்கும் கண்ணை மூடியதற்கும் நடுவில்தான் போன் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டால் ஆய்வில் மிச்சம் எதுவும் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2024-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 11 முதல் 14 வயது வரையுள்ள 79 பேர், நான்கு இரவுகள், உடலில் ஒரு கேமரா, படுக்கையறையில் ஒரு கேமரா. படுக்கைக்குப் போவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத் திரைப் பயன்பாட்டால் தூக்கத்தின் அளவு பெரிதாகக் குறையவில்லை. படுக்கைக்குள் போன பிறகு பார்த்ததுதான் தூக்கத்தைத் தின்றது. அதிலும் சாட்டிங், கேம் போல இருபக்கமும் இயங்கும் பயன்பாட்டில் ஒவ்வொரு கூடுதல் 10 நிமிடத்துக்கும் தூக்கம் 9 நிமிடம் குறைந்தது. கேம் மட்டும் என்றால் 17 நிமிடம். ஆகவே "எவ்வளவு நேரம்" என்பதோடு "எங்கே", "என்ன" என்ற இரண்டையும் கேளுங்கள். சும்மா வீடியோ பார்ப்பதையும் கேமையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

சராசரிமாறி எழுதியது:

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்" கேள்வியை அடிச்சிடுங்க. 2021-ல நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர் இதழ்ல வந்த தொகுப்பாய்வுல (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கறது), ஆட்கள் சொன்ன கணக்கும் கருவி பதிஞ்ச கணக்கும் ஒத்துப்போன அளவு வெறும் 0.38 (முழுசா ஒத்துப்போனா 1). போன்லயே இருக்கிற ஸ்க்ரீன் டைம் / டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் வாங்குங்க.

அதுலயும் ரெண்டு கண்ணி இருக்கு. போன் நள்ளிரவு 12-க்கு நாளை மாத்திடும். செவ்வாய் ராத்திரி 12-லிருந்து 2 வரை ஆடின கேம், புதன்கிழமைக் கணக்குல விழும். அதனால நாள் மொத்தத்தை எடுக்காம மணிவாரி வரைபடத்தை எடுத்து, பகல் 12-லிருந்து மறுநாள் பகல் 12 வரை நீங்களே வெட்டி ஒட்டணும். ரெண்டாவது, வீட்டுல ஒரே போனை நாலு பேர் எடுப்பாங்க. அம்மா பார்த்த சீரியலும் பையன் கணக்குல ஏறும். "நேத்து ராத்திரி இந்தப் போனை வேற யாராவது எடுத்தாங்களா?"ன்னு நாட்குறிப்புல ஒரு கட்டம் போடுங்க.

எக்செல்ல நேரத்தைச் சராசரி எடுக்கும்போது கவனம். 23.50-க்கும் 00.10-க்கும் சராசரி எடுத்தா பகல் 12 வரும்! எல்லா நேரத்தையும் மாலை 6 மணியிலிருந்து எத்தனை நிமிடம்னு மாத்திட்டு (23.50 = 350, 00.10 = 370) அப்புறம் கூட்டுங்க.

60 பேர் × 7 இரவு = 420 வரிசை. அதை 420 ஆள் மாதிரி நினைச்சு சாதாரண ரிக்ரெஷன் ஓட்டினா, இல்லாத தொடர்பும் இருக்கிற மாதிரி வரும். பல்நிலை மாதிரி (multilevel model: ஒரே ஆளோட பல இரவுகளை ஒரு கொத்தா எடுத்துக்கற கணக்கு முறை) போடுங்க. ஒவ்வொருத்தரோட ஏழு இரவுச் சராசரியைத் தனி மாறியா வைங்க. அந்தச் சராசரியிலிருந்து ஒவ்வொரு இரவும் எவ்வளவு தள்ளிப்போச்சுங்கறதை இன்னொரு மாறியா வைங்க. முதல் மாறி ஆளுக்கு ஆள் வித்தியாசம், ரெண்டாவது ஒரே ஆளோட ராத்திரிக்கு ராத்திரி வித்தியாசம். உங்களுக்கு ரெண்டாவதுதான் வேணும். அமெரிக்காவுல 50,212 குழந்தைகளை வெச்சுப் பார்த்ததுல, ஒரு மணி நேரத் திரைக்கு இரவுத் தூக்கம் 3-லிருந்து 8 நிமிடம்தான் குறைஞ்சுது. ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு அதை 60 பேர்ல பிடிக்கறது வைக்கோல்போருல ஊசி தேடற கதை.

பவளமல்லி:

பி.எஸ்.க்யூ.ஐ.-யை எடுத்துவிட்டேன், நாட்குறிப்பு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நண்பரிடம் விலை மலிந்த ஸ்மார்ட் கைக்கடிகாரங்கள் பத்து கிடைக்கும். அவற்றை சுழற்சி முறையில் மாணவர்களுக்குக் கட்டிவிட்டால் ஆக்டிகிராஃபுக்கு ஈடாகுமா?

மரப்பாச்சி:

வேண்டாம். மணிக்கட்டுக் கருவி அசைவை வைத்துத்தான் தூக்கத்தை ஊகிக்கிறது. அசையாமல் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பவரை அது தூங்குவதாக எழுதிக்கொள்ளும். நீங்கள் பிடிக்க நினைக்கும் நேரத்தையே அது தவறவிடும். ஆராய்ச்சிக்கென்றே செய்த ஆக்டிகிராஃபிலும் இந்தக் குறை உண்டு. அதனால்தான் கூடவே நாட்குறிப்பு வாங்கி, கண்ணை மூடிய நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். அசைவுத் தரவு குறைந்தது ஐந்து நல்ல இரவுகளாவது இருந்தால்தான் நம்பலாம், பத்துக் கடிகாரத்தை 60 பேருக்குச் சுழற்றினால் ஆறு வாரம் ஓடிவிடும், நடுவில் மாதாந்திரத் தேர்வு வரும். நாட்குறிப்போடு நிறுத்துங்கள்.

18 வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டியின்படி மாணவரின் எழுத்துபூர்வ இசைவும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்டில் செயலிகளின் பெயர் தெரியும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் காட்ட மாட்டோம் என்று படிவத்திலேயே எழுதுங்கள்; இல்லையென்றால் வருவது வடிகட்டிய ஸ்க்ரீன்ஷாட்தான்.

நடுநிசி:

ஆள் சேர்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஃப்ளிண்டர்ஸ் குழு 2019-இல் 14 முதல் 18 வயதினரிடம் படுக்கும் முன் ஒரு மணி நேரம் போனை நிறுத்தச் சொல்லிப் பார்த்தது. ஒரு வாரம் செய்தவர்களுக்குத் தூக்கம் 21 நிமிடம் கூடியது. ஆனால் கேட்டவர்களில் கலந்துகொள்ள முன்வந்தது சுமார் கால்வாசிப் பேர். நீங்கள் போனை நிறுத்தச் சொல்லவில்லை, பதியத்தான் சொல்கிறீர்கள். அதனால் கூடுதலாகச் சேரலாம். இருந்தாலும் 60 வேண்டுமென்றால் 100 பேரிடமாவது கேட்டுவையுங்கள்.