கிராண்டில் உள்ள எஞ்சின் எண் எது? ஒரு கேஇ70 காரைப் பற்றிய வாக்குவாதம்

கார்புரேட்டர்காரன்:
ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் திடலில் நடந்த பழைய கார்க் கூடலைப் பற்றி ‘இருபது வால்வு’ என்ற பெயரில் எழுதும் தம்பி நேற்று ஒரு குறிப்பைப் போட்டிருந்தார். தம்முடைய 1982ஆம் ஆண்டு டொயோட்டா கேஇ70 கொரோல்லாவில் இருந்த 4கே எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களை விற்கும் கடையில்) வாங்கிய 4ஏ-ஜிஇ எஞ்சினைப் பொருத்தியதால் அந்தக் கார் காப்பாற்றப்பட்டுவிட்டது என்றும், தோட்டத்து லயங்களின் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் மற்ற கேஇ70களுக்கும் இதைத் தவிர வேறு கதிமோட்சம் இல்லை என்றும் அதில் தீர்ப்பே வழங்கியிருக்கிறார். முப்பது ஆண்டுகள் தோட்டத்துப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவன் என்ற முறையில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் காரின் கிராண்டில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், பதிவாகியிருக்கும் எஞ்சின் எண் எது?

இருபது வால்வு:
அண்ணன் அவர்களுக்கு வணக்கம். பழைய எஞ்சினை நான் எறிந்துவிடவில்லை. எண்ணெய் தடவி, தார்ப்பாய் சுற்றி, வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். 4கே என்பது 1290 சிசி கொள்ளளவும் தள்ளுதண்டு வால்வுகளும் கொண்ட, ஒரு குடும்பத்தைச் சந்தைக்கு அழைத்துச் சென்று திரும்புவதற்காகச் செய்யப்பட்ட எஞ்சின். தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு நான்கு பேரோடு ஏறும்போது அது படும் பாட்டை நீங்களும் அறிவீர்கள். ஆனால் அந்தக் காரின் உடல் அப்படிப்பட்டதன்று. பின்சக்கர இயக்கமும், பின்புறத்தில் சுருள் வில்லோடு நான்கு இணைப்புத் தண்டுகளும் கொண்ட அந்த அமைப்பைத்தான் 1983இல் வந்த ஏஇ86 என்ற ஸ்போர்ட்ஸ் கொரோல்லா சுவீகரித்துக்கொண்டது. அந்த 86க்கு டொயோட்டா கொடுத்த எஞ்சின்தான் 4ஏ-ஜிஇ. ஆகவே நான் செய்தது வேற்றினக் கலப்பன்று. ஒரே குடும்பத்துப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன்.

கார்புரேட்டர்காரன்:
குடும்பக் கதை நன்றாக இருக்கிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை. மேலும், தம்பி பொருத்தியிருப்பது 86இல் வந்த 16 வால்வு எஞ்சினே அன்று. முன்சக்கர இயக்கமுள்ள ஏஇ101இல் குறுக்காகப் படுத்துக் கிடந்த, 160 குதிரைத்திறன் கொண்ட 20 வால்வு எஞ்சின். அதை நீளவாக்கில் திருப்பி வைத்தால், சிலிண்டர் தலையின் பின்புறத்தில் இருந்து பற்றவைப்பு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நேராகப் போய், எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரான ஃபயர்வாலில் இடிக்கும். ஒன்று டிஸ்ட்ரிபியூட்டரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது தனி ஈசியூ (எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி) வைத்துக் காயில்களைக் கொண்டு பற்றவைக்க வேண்டும், அதுவும் முடியாதவர்கள் சுத்தியலை எடுத்துத் தகரத்தை உள்ளே அடித்து இடம் பண்ணுவார்கள். திடலில் எஞ்சின் மூடியான பொன்னட்டைத் திறந்து காட்டியபோது அந்தத் தகரத்தில் இருந்த பள்ளத்தை என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன். 4கேயின் கியர்பாக்ஸையும் கழற்றி டி50 போட்டிருக்கிறார். எஞ்சினைத் தாங்கும் இடங்களையும் வெட்டி மாற்றியிருக்கிறார். இதற்குப் பெயர் காப்பாற்றுவதா? நிற்க, கிராண்டில் எஞ்சின் எண் எது?

தோட்டத்து 120ஒய்:
கார்புரேட்டர்காரன் அண்ணன் சொல்வது முழுக்க நியாயம். என்னுடைய டட்சன் 120ஒய்யில் அன்று வந்த ஏ12 எஞ்சின், 1171 சிசி, இன்றைக்கும் காலையில் ஒரே சுற்றில் பற்றிக்கொள்கிறது. எவரும் என் காரைக் ‘காப்பாற்ற’ வரவில்லை. அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இருபது வால்வுத் தம்பி, போன ஆண்டு என்னிடம் இரவல் வாங்கிய வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற பட்டறைக் கருவியையும் இதே போலக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறேன்.

இருபது வால்வு:
கம்ப்ரஸரை உங்கள் மைத்துனர் கையில் கொடுத்தேன், அவரைக் கேளுங்கள். பேச்சுக்கு வருவோம். ஜப்பானியர்களே எஞ்சினைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவதில்லை. 1969இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரில் எஸ்20 எஞ்சின் இருந்தது. அது கிடைக்காத ஆயிரம் பேர் சாதாரண சி10 ஸ்கைலைனை வாங்கி, எல்28 எஞ்சினைப் போட்டு, ஜிடி-ஆரின் தோற்றத்துக்கு மாற்றி ஓட்டுகிறார்கள். அவ்வளவு ஏன், 2023 ஜனவரியில் தோக்கியோ ஆட்டோ சலோனில் டொயோட்டா நிறுவனமே ஏஇ86இன் ஒரு வகையான லெவினிலிருந்து 4ஏ-ஜிஇ எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்துக் காட்டியது. பக்கத்திலேயே அதன் இன்னொரு வகையான ட்ருவெனோவை ஹைட்ரஜனில் ஓடும்படி மாற்றி நிறுத்தியிருந்தது. பெற்றவர்களே மனம் ஒப்பிச் செய்ததைச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு நாம் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்?

கார்புரேட்டர்காரன்:
ஆயிரம் பேர் என்று தம்பி எங்கே எண்ணினார் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த ஸ்கைலைன்களை அங்கே நகல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், நகலின் விலைக்குத்தான் வாங்குகிறார்கள். எஸ்20 இருக்கும் காரின் விலையை எவரும் அதற்குக் கொடுப்பதில்லை. டொயோட்டாவைச் சாட்சிக்கு அழைத்ததும் தவறான அழைப்பு. அதே நிறுவனம்தான் 2000ஜிடி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் பழைய சுப்ராக்களுக்கும் 2020இல் உதிரிப் பாகங்களை மறுபடியும் செய்து விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 86க்கும் பின் பிரேக் காலிப்பரைச் செய்து கொடுத்தது. நிசான் 2017 டிசம்பரிலேயே ஆர்32 ஜிடி-ஆருக்கு இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. வந்தபடியே வைத்திருப்பவர்களுக்காகத்தானே இந்தப் பாகங்களை எல்லாம் செய்கிறார்கள்? கண்காட்சிக்கு நிறுத்திய ஒரு காரைக் காட்டி, ஃபயர்வாலில் சுத்தியல் அடித்ததை நியாயப்படுத்த முடியாது.

கேள்வியை மறந்துவிட்டதாகத் தம்பி நினைக்க வேண்டாம். எஞ்சினை மாற்றினால் ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) அனுமதி பெற்று, புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனைக்குக் காட்டி, கிராண்டில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது பட்டறையில் தேநீர் வாங்கி வரும் பையனுக்கும் தெரியும். கிராண்டில் 4கேயின் எண் இருந்து, பொன்னட்டுக்குக் கீழே வேறு எஞ்சின் இருந்தால், விபத்து நேர்கிற அன்று காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். எண் எது?

சுழல் எஞ்சின்:
இரு தரப்பாரும் மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டனுக்காக இவ்வளவு சண்டை போடுவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கார் மஸ்டா 787பி. அதில் இருந்தது நான்கு ரோட்டர்கள் கொண்ட சுழல் எஞ்சின். என்னுடைய மஸ்டா ஆர்எக்ஸ்-7இல் இருப்பது 13பி என்ற சுழல் எஞ்சின். ரோட்டரின் முனை அடைப்புகள் தேய்ந்தால் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தே ஆக வேண்டும். மசகு எண்ணெயைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டாவது எஞ்சின் மாற்றிய பிறகும் அது ஆர்எக்ஸ்-7தான். கேஇ70ஐப் பொறுத்தவரை, அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டால் இந்தப் பேச்சு பத்து வரியில் முடிந்திருக்கும்.

தோட்டத்து 120ஒய்:
எண்ணெயை எரிப்பதையே பெருமையாகச் சொல்லும் ஒரு கூட்டத்தை இன்றுதான் பார்க்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் எது என்பதைக் கென்யாவின் ஜொகிந்தர் சிங்கிடம் கேட்டிருக்க வேண்டும். மிட்சுபிஷி லான்சர் 1600 ஜிஎஸ்ஆர் என்ற குடும்பக் காரில்தான் அவர் 1974இல் சஃபாரி ரேலியை வென்றார். 1976இலும் அதே காரில் வென்றார்.

இருபது வால்வு:
மிக்க நன்றி, 120ஒய் அண்ணன். நான் சொல்ல வந்ததைத் தாங்களே சொல்லிவிட்டீர்கள். குடும்பக் காரின் உடலில் சரியான எஞ்சினை வைத்தால் அது பந்தயக் கார்தான்.

கார்புரேட்டர்காரன்:
120ஒய், நீ யார் பக்கம் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டு எழுது. அந்த லான்சரில் இருந்தது தொழிற்சாலையே பொருத்திய எஞ்சின். அதுவும் இரட்டைக் கார்புரேட்டர் எஞ்சின். அதைக் கொண்டுபோய் எதிர்க்கட்சிக்காரர் கையில் கொடுத்துவிட்டாய்.

சுழல் எஞ்சின் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஒரு 13பியை எடுத்துவிட்டு இன்னொரு 13பியை வைப்பதும், 1290 சிசி கார்புரேட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு நான்கு த்ராட்டில் வாய்கள் கொண்ட 1587 சிசி எஞ்சினை வைப்பதும் ஒன்றாகா. சாலை வரியிலேயே வித்தியாசம் இருக்கிறது: 1.3 லிட்டருக்கு 70 வெள்ளி (ரிங்கிட்), 1.6 லிட்டருக்கு 90 வெள்ளி. அந்த 20 வெள்ளியைத் தம்பி கட்டுகிறாரா என்பது கிராண்டில் உள்ள எண்ணைச் சொன்னாலே தெரிந்துவிடும். அவர் சொல்ல மாட்டார்.

இருபது வால்வு:
20 வெள்ளிக்காக என்னைக் கள்ளன் என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். என் கிராண்டை இங்கே படம் பிடித்துப் போட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. அண்ணனின் கேஇ70இல் மட்டும் எல்லாமே தொழிற்சாலையில் வந்தவையா? பேட்டரித் தட்டுக்குக் கீழேயும், பின் கண்ணாடி ரப்பருக்கு அடியிலும், சக்கர வளைவுகளிலும் துரு தின்ற இடங்களை வெட்டிப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்காமல், புட்டி என்ற பூச்சுப் பசையைப் பூசி மறைத்திருப்பதை நான் காந்தம் வைத்துப் பார்த்தேன். காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. எஞ்சின் எண்ணை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியவர் தகரத்தைக் காப்பாற்றவில்லை. நம் ஊர் மழைக்கும் வெக்கைக்கும் முதலில் போவது உடல்தான். நான் முதலில் தகரத்தை வெட்டி ஒட்டினேன். பிறகுதான் எஞ்சினில் கை வைத்தேன்.

கார்புரேட்டர்காரன்:
என் அனுமதி இல்லாமல் என் காரில் காந்தம் வைத்துப் பார்த்த பண்பாட்டைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளட்டும். இடப்பக்க வளைவில் மட்டும் ஓரிடத்தில் புட்டி இருக்கிறது. அது 1990களில் முந்தைய உரிமையாளர் செய்த வேலை, அதை நான் எவரிடமும் மறைத்ததில்லை. புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு நாளைக்கே தகரம் வைக்கலாம். தம்பி வெட்டிய எஞ்சின் தாங்கிகளையும் அடித்து உள்ளே தள்ளிய ஃபயர்வாலையும் எதைச் சுரண்டி எடுத்துச் சரி செய்வது? திரும்பப் போகிற வழியை விட்டு வைத்துச் செய்கிற மாற்றத்தை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. என் காரிலும் பாயின்ட் பற்றவைப்பை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பு வைத்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் பழையதைத் திரும்ப மாட்டிவிடுவேன்.

சுழல் எஞ்சின்:
ஆக, அண்ணனின் காரும் மாற்றப்பட்ட கார்தான். விசாரணை முடிந்தது.

கார்புரேட்டர்காரன்:
பற்றவைப்புக்குக் கிராண்டில் எண் கிடையாது, ஐயா. எஞ்சினுக்கு இருக்கிறது.

தோட்டத்து 120ஒய்:
என் மைத்துனரைக் கேட்டுவிட்டேன். கம்ப்ரஸரைக் கண்ணாலேயே பார்க்கவில்லை என்கிறார்.

இருபது வால்வு:
அப்படியானால் அவர் வேறு யாரிடமோ இரவல் கொடுத்திருக்கிறார். கொட்டகையில் இருக்கும் 4கேயைக் கேட்டு இதற்குள் மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதிவிட்டார்கள்; அவர்களில் ஒருவர் இங்கே மிகவும் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பவர். நான் விற்பதாக இல்லை.

கார்புரேட்டர்காரன்:
சிலிண்டர் தலை மட்டும் தேவை என்றுதான் எழுதினேன், முழு எஞ்சின் அன்று. தனிமடலில் கேட்டதைப் பொதுவில் போடுபவரிடம் இனி ஒரு திருகாணிகூட வாங்குவதாக இல்லை. ஈப்போவில் கேட்டுக்கொள்கிறேன்.