நானோ துகள் சேர்த்த பிஎல்ஏ சாரக்கட்டில் படிகத்தன்மை உண்மையிலேயே குறைகிறதா?

கேள்வி:
வணக்கம். எலும்புத் திசுப் பொறியியலுக்காகப் பாலிலாக்டிக் அமிலம் (பிஎல்ஏ) என்னும் பாலிமரை டையாக்சேன் என்ற கரைப்பானில் கரைத்து, 10 எடை விழுக்காடு நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கனிமம்) துகள்களைக் கலந்து, உறையவைத்து உலர்த்திச் சாரக்கட்டுகள் (செல்கள் வளர்வதற்கான துளையுள்ள தாங்கிகள்) தயாரிக்கிறேன். டிஎஸ்சி சோதனையில் (சூடேற்றும்போது மாதிரி ஏற்கும், வெளிவிடும் வெப்பத்தை அளப்பது) இவற்றின் உருகல் வெப்பம் தூய பாலிமரைவிடக் குறைவாக வருகிறது. துகள்கள் படிகமாவதைத் தடுக்கின்றன என்று எழுதலாமா? கண்ணாடி நிலைமாற்றமும் (விறைப்பான பாலிமர் நெகிழத் தொடங்கும் வெப்பநிலை) 60 பாகை செல்சியஸுக்குப் பதிலாக 48 பாகையிலேயே தெரிகிறது.

மறுமொழி 1:
இப்போதைக்கு அப்படி எழுத வேண்டாம். கருவி தரும் ஜூல் மதிப்பு மாதிரியின் முழு எடைக்கானது. அதில் பத்தில் ஒரு பங்கு, அந்த வெப்பநிலையில் உருகவே உருகாத கனிமம். எனவே பாலிமரின் பங்கான 0.9-ஐக் கணக்கில் கொள்ள வேண்டும். மேலும், 90 முதல் 120 பாகைக்குள் வெப்பத்தை வெளிவிடும் மேடு ஒன்று இருந்தால், அது சூடேற்றும்போது புதிதாக உருவான படிகத்தைக் குறிப்பதால், அதன் பரப்பையும் கழித்துவிட வேண்டும். ஒரு கிராமுக்கு உருகல் வெப்பம் 36 ஜூல், மேட்டின் பரப்பு 18 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். முழுப் படிகத்துக்குரிய 93 ஜூல் என்ற மதிப்பைக் கொண்டு, கழித்தபின் எஞ்சும் 18-ஐ (93 × 0.9)-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21.5 விழுக்காடு கிடைக்கும்; 36-ஐ நேரடியாக 93-ஆல் வகுத்தாலோ 38.7 என்று வரும். முதல் சூடேற்றத்தின் வரைவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாரக்கட்டு தயாரிக்கப்பட்ட விதத்தின் தடம் அதில் மட்டுமே இருக்கும். ஒருமுறை உருகிய பின் அது அழிந்துவிடுகிறது.

மறுமொழி 2:
48 பாகை எனக்குக் கவலை தருகிறது. மிச்சமிருக்கும் டையாக்சேனோ ஈரமோ சங்கிலிகளைத் தளர்த்தியிருக்கலாம். டையாக்சேனின் கொதிநிலை 101 பாகை என்பதால், டிஜிஏ (சூடேற்றும்போது எடை மாறுவதை அளக்கும் சோதனை) வரைவில் 150 பாகைக்கு முன்பே எடை குறைகிறதா என்று பாருங்கள். செல்களை வளர்க்கப்போகும் பொருளில் கரைப்பான் தங்கக் கூடாது. அதோடு, உடல் திரவத்தில் ஊறும்போது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை மேலும் இறங்கும் என்பதால், 37 பாகையிலேயே துளைச் சுவர்கள் நெகிழத் தொடங்கும் வாய்ப்பு உண்டு. 121 பாகை நீராவிக் கிருமிநீக்கத்தை இந்தப் பொருளுக்கு நினைக்கவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டிஜிஏவில் 130 பாகைக்குள் எடை சற்று குறைகிறது. 600 பாகையில் எஞ்சியிருப்பதோ 7 விழுக்காடுதான்.

மறுமொழி 1:
அப்படியானால் கணக்கில் 0.9-ஐ விட்டுவிடுங்கள், 600 பாகையில் பாலிமர் சிதைந்துபோய்க் கனிமமே எஞ்சுவதால், அந்த எஞ்சிய எடையிலிருந்து கிடைக்கும் உண்மையான பங்கையே பயன்படுத்துங்கள். கரைசல் உறைவதற்குள் துகள்கள் அடியில் படிந்திருக்கக்கூடும். ஒரே சாரக்கட்டின் மேற்பகுதியிலிருந்தும் அடிப்பகுதியிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்து, வெற்றிடத்தில் நன்கு உலர்த்திய பிறகு, இரண்டு சோதனைகளையும் மீண்டும் செய்து பாருங்கள்.