‘இறந்தோர் தீவு’ ஓவியத்தில் அந்த வெள்ளையை எப்படிப் படிப்பது?

கேள்வி:
சுவிஸ் ஓவியர் அர்னோல்ட் பொக்லின் வரைந்த ‘இறந்தோர் தீவு’ என்னை விடவே மாட்டேன் என்கிறது. செங்குத்தான பாறைகள், நடுவில் கரும்பச்சை சைப்ரஸ் மரங்கள், அசையாத தண்ணீர், சிறு படகு. அதில் வெள்ளை போர்த்தி, நமக்கு முதுகு காட்டி ஒருவர் நிற்கிறார். வெள்ளை தூய்மை, கறுப்பு மரணம் என்று ஒரு நிற அட்டவணை சொல்கிறது. அதை வைத்துப் பார்த்தால் படம் இரண்டு வரியில் தீர்ந்துபோகிறது. வேறு எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
அட்டவணையை மூடி வையுங்கள். இந்தப் படத்துக்குள் அந்த நிறத்துக்கு என்ன வேலை என்று பாருங்கள். எனக்கு இதன் மேல் தீராத பிரியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொக்லின் இந்தத் தீவை ஒருமுறை அல்ல, பலமுறை வரைந்தார். 1880-இல் அவற்றில் முதல் படத்தை வரைந்துகொண்டிருந்தபோது, கணவரை இழந்த மரி பெர்னா என்பவர் அதைப் பார்த்துத் தனக்கும் ஒன்று கேட்டார். வெள்ளை உருவமும் துணி போர்த்திய சவப்பெட்டியும் அவர் கேட்டுச் சேர்ந்தவை. அதற்குப் பிறகே முதல் படத்திலும் ஏறின. ஒருவருடைய துக்கத்துக்கென்று வந்த வெள்ளை அது. அந்த இடத்தை விரலால் மறைத்துப் பாருங்கள், தீவு வெறும் இயற்கைக் காட்சியாகிவிடும். விரலை எடுத்ததும் கண் படகிலிருந்து நேரே மரங்களின் இருட்டுக்குள் போகும். சைப்ரஸ், இத்தாலிப் பக்கம் கல்லறைகளில் நடும் மரம். அது தெரியாதவரையும் அந்த இருட்டு இழுக்கத்தான் செய்யும்.

பதில் 2:
ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் இதன் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்த்துத்தான் 1909-இல் இதே பெயரில் தன் சிம்பொனிக் கவிதையை, அதாவது ஒரு காட்சியையோ கதையையோ இசைக்குழுவின் இசையாகச் சொல்லும் படைப்பை, முடித்தார். வண்ணத்தில் பார்த்தபோது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெளிச்சமும் இருட்டுமே இந்தப் படத்துக்குப் போதும் என்பது என் கட்சி.

பதில் 1:
இசைக்குப் போதும், படத்துக்குப் போதாது. 1886-க்குள் பொக்லின் இதை ஐந்து முறை வரைந்தார். முதல் படத்தில் அந்தி மங்கல், எல்லாமே இருளப் போகிறது. பெர்லினில் இருக்கும் 1883-ஆம் ஆண்டுப் படத்தில் வானம் வெளுத்து, பாறை துலக்கமாகத் தெரிகிறது. மரங்கள் மட்டும் இளகவில்லை. அந்தப் பாறையில் குடைந்த ஒரு கல்லறை அறையின் மேல் ஓவியர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்திருக்கிறார். வெளிச்சம் கூடினால் பயம் குறையும் என்று எந்த அட்டவணையும் சொல்லும். எனக்கு வெளிறிய அந்த வானத்தின் கீழ்தான் தீவு இன்னும் நெருங்கி வந்துவிட்டதாகப் படுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரங்களின் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.